இறங்குவதும் மலையேற்றம்தான்

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலை. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் பலரும் ஏறத் தொடங்குகிறார்கள். ஏழாவது மலை உச்சியில் ஈசனைக் கண்டதும், பயணம் முடிந்தது என்று மனம் சொல்லிவிடுகிறது. முடியவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது மூச்சு சீராகிவிடுகிறது. அதனால் இறக்கம் சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் தொடைத்தசையைக் கேளுங்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தடுத்து நிறுத்துவது அதுதான். இறக்கத்தில் வண்டிக்கு பிரேக் பிடிப்பது போல, அது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. தசைநாருக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த வேலையில்தான். கால் வெடவெடவென்று நடுங்குவதும், மறுநாள் வீட்டுப் படியில் இறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பதும் இதனால்தான்.

"இளவட்டங்கள் ஓடியே இறங்குகிறார்களே?" என்று கேட்கலாம். இறங்கிப் பழகிய தசை தாங்கும்; உண்மைதான். பழகாத கால் தாங்காது, வயது எதுவானாலும். அதனால் இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றுங்கள். பிறகு பாதத்தை வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். "மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடாமல், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அடிவாரத்திலேயே முடிவுசெய்யுங்கள். தண்ணீரிலும் பாதி இறக்கத்துக்கு இருக்கட்டும்.