சாணித் தொட்டியும் ஒரு வயிறுதான்

செஞ்சிக் கோட்டையைச் சுத்தி நம்ம ஊர்கள்ல மாடு இருக்கு, சாணி இருக்கு. அதனால புதுப்பிக்கும் எரிசக்தின்னா எனக்குச் சாண எரிவாயுதான் ஞாபகம் வருது.

சாணியைத் தண்ணியில கரைச்சு, காத்துப் புகாத தொட்டியில விட்டா, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்னுது. ஒரு கூட்டம் சாணியை உடைச்சு அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேன் வாயுவாக்கும். ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன் சேர்ந்தது மீத்தேன். வர்ற வாயுவில பாதிக்கு மேல அதுதான், எரியறதும் அதுதான். மீதி பெரும்பாலும் எரியாத கார்பன் டை ஆக்சைடு. அதனாலதான் சிலிண்டர் அளவுக்குச் சூடு இருக்காது, அடுப்பும் தனியா வேணும். அழுகின முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்பைடால வருது. அது இரும்பை அரிக்கும். 1984-ல வந்த தீனபந்து மாதிரித் தொட்டியில இரும்பு மூடியே கிடையாது, செங்கல் கூண்டுதான். தீனபந்துன்னா ஏழைகளின் நண்பன்னு அர்த்தம்.

எங்க ஊர்ல ஒரு தொட்டி சும்மா கிடக்குது. ரிப்பேர்னு சொல்றாங்க. எனக்கென்னவோ அது ரிப்பேரா தெரியல. பினாயில், சோப்புத் தண்ணி உள்ளே போனா கிருமி செத்துடும். ஒரே நாள்ல அளவுக்கு மீறிக் கொட்டினா அமிலம் கூடிப் புளிச்சுப் போகும், கேஸ் நின்னுடும். மார்கழிக் குளிர்ல குறைவாத்தான் வரும், அதுக்குப் பயப்பட வேணாம்.

2 கன மீட்டர் தொட்டிக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணி. நாலைஞ்சு மாடாவது வேணும். ஒத்தைப் பசு வச்சிருக்கிறவங்க குழுக் கடன் வாங்கி இதைக் கட்டாதீங்க. கரைக்கிற வேலையும் நம்ம தலையில மட்டும் விழக் கூடாது, இதை வீட்டுல முதல்லயே பேசிக்குங்க!

வறட்டியா எரிச்சா சாணியில இருக்கிற தழைச்சத்து புகையோட போயிடும். தொட்டியில போட்டா கார்பன் கேஸா வரும், தழைச்சத்து கழிவுக் கரைசல்லயே தங்கும். மணிலாவுக்கும் நெல்லுக்கும் அதை விடலாம்.

குழாய்ல கசிவு இருக்கான்னு தீக்குச்சி கொளுத்திப் பாக்காதீங்க. வெளிப்பக்கம் சோப்பு நுரை தடவினா குமிழி காட்டிக் கொடுக்கும். புதுத் தொட்டியில முதல்ல வர்ற வாயுவில காத்து கலந்திருக்கும். அதைப் பத்த வைக்காம வெளியே விட்டுட்டு, அப்புறம் அடுப்பை ஏத்துங்க.