வாசகரும் நூலும்: பெங்களூரிலிருந்து சில பரிந்துரைகள்

(பெங்களூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

"படிப்பதற்கு நல்ல நூல் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கு விடை கூறுவது எளிதன்று. கேட்பவர் யார், அவருக்கு எது தேவை, எவ்வளவு நேரம் ஒதுக்கக்கூடியவர் என்பனவற்றை அறியாமல் கூறப்படும் விடை, நோயாளியைப் பாராமல் எழுதப்படும் மருந்துச் சீட்டைப் போன்றது. இந்த எளிய உண்மையை ஓர் அறிவியலின் அடிப்படையாக்கிய பெருமை தமிழர் ஒருவருக்கு உரியது. அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த நகரம் பெங்களூர்.

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆளரவமற்ற நூலகத்தில் வேலையின்றி அமர்ந்திருக்க மனம் ஒப்பாமல், சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்பிவிட முயன்றார் என்பர். பயிற்சிக்காக இலண்டன் சென்றது அவரது எண்ணத்தை மாற்றியது. அங்குள்ள பொது நூலகங்களில் தொழிலாளரும் சிறுவரும் இல்லத்தரசியரும் நூல்களைத் தேடி வருவதைக் கண்டார். 1931இல் வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவரது நூல் இவ்வனுபவத்தின் விளைவு எனலாம். அவ்விதிகளுள் இரண்டாவதும் மூன்றாவதும் இங்குக் கருதத்தக்கவை. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது வாசகரின் உரிமை. அடுத்தது நூலின் உரிமை. நூலுக்கும் உரிமை உண்டு என்று கருதிய அவரது நோக்கு வியப்புக்குரியது.

1962இல் அவர் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தோற்றுவித்தார். 1972 செப்டம்பரில் இந்நகரிலேயே மறைந்தார். சென்னை மாகாணத்தில் 1948இலும் மைசூர் மாநிலத்தில் 1965இலும் பொது நூலகச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவ்விரு சட்டங்களும் நூலக வரிக்கு வழிசெய்தன. சொத்து வரியுடன் சேர்த்து வாங்கப்படும் இச்சிறு தொகையை, நூலகத்துள் ஒருநாளும் நுழையாத கடைக்காரரும் செலுத்துகிறார். இத்தகைய பணத்தால் வாங்கப்பட்ட நூல் எவர் கையிலும் சேராமல் நிலைப்பேழையில் தூசி படிந்து கிடப்பது பொதுப் பண விரயமேயாகும். தணிக்கையில் எவரும் இதற்கு ஆட்சேபணை எழுப்புவதில்லை என்பது வேறு செய்தி.

அலுவலக நூலகங்களின் நிலை பலரும் அறிந்ததே. நிதியாண்டு முடியும் மார்ச்சுத் திங்களில், ஒதுக்கீட்டைச் செலவிட்டாக வேண்டிய அவசரத்தில், மிகுந்த கழிவு தரும் விற்பனையாளரிடம் கட்டுக்கட்டாக நூல்கள் வாங்கப்படுகின்றன. எவரும் கேட்டிராத அந்நூல்கள் பதிவேட்டில் ஏறி, பேழையுள் அடைபட்டு, பூட்டப்படுகின்றன. கல்லூரிகளிலோ தேர்வுக்குரிய வழிகாட்டி நூல்களே கைமாறுகின்றன. நாளைய திட்டங்களை வகுக்கப்போகும் இளைஞர் வினாவிடைத் தொகுப்புகளை மட்டும் படித்துப் பணியில் சேர்ந்தால், அவர் கையெழுத்திடும் கோப்பின் மறுமுனையில் உள்ள ஊரை அவர் ஒருபோதும் காணாதவராகவே இருப்பார்.

வாசகர் ஒருவர் மற்றொருவருக்கு நூலைப் பரிந்துரைப்பது இங்குதான் பயன்படுகிறது. ஆனால் "அருமையான நூல், அவசியம் படியுங்கள்" என்னும் பாராட்டு பரிந்துரை ஆகாது. இந்நூல் எவருக்கு, எதற்காக, எங்கே குறைபடுகிறது என்னும் மூன்றையும் கூற வேண்டும். குறையைச் சொல்லாத பரிந்துரை விளம்பரமாகிவிடும். இம்முறையில், பெங்களூருடன் தொடர்புடைய சில நூல்களை இந்த அவையின் முன் வைப்பது பொருத்தமாகும்.

திட்டமும் ஊரும்

பொருளியல் மாணவர் தொடங்க வேண்டிய நூல் மோ. விசுவேசுவரய்யா எழுதிய "பிளான்டு எகானமி ஃபார் இந்தியா". 1934இல் பெங்களூரில் அச்சானது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, பத்து ஆண்டுகளில் நாட்டு வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டம் ஒன்றை அந்நூல் முன்வைத்தது. வேளாண்மையை மட்டும் நம்பியிருக்கும் மக்களில் ஒரு பகுதியினரைத் தொழில்களுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. திட்டமிடல் சுதந்திரத்துக்குப் பின்னர் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான எண்ணம் என்று கருதுவோர் இந்நூலைப் புரட்டினால் போதும். பொறியாளரின் தெளிவு பக்கந்தோறும் உண்டு. குறையும் அத்தெளிவிலேயே உள்ளது. வருமானமும் உற்பத்தியும் கணக்கிடப்படும் அளவுக்கு, அவை எந்தச் சாதிக்கு, எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்னும் வினா எழுப்பப்படவில்லை.

அவ்வினாவுக்கு விடை தேடுவோர் மைசூரில் பிறந்த சமூகவியலறிஞர் எம்.என். சீனிவாசின் "தி ரிமெம்பர்டு வில்லேஜ்" நூலை எடுக்க வேண்டும். அலுவலர் ஒருவர் ஆண்டுக்கு ஒரே ஒரு நூலைத்தான் படிக்க இயலும் என்றால், அது இந்நூலாக இருக்கட்டும்.

அந்நூல் பிறந்த வரலாறே தனித்தன்மை வாய்ந்தது. 1948இல் சீனிவாஸ் மைசூருக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் பல மாதங்கள் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அவ்வூருக்கு இராம்புரா என்று பெயர் மாற்றியுள்ளார். பதினெட்டு ஆண்டுகளாகச் செப்பம் செய்த குறிப்புகளுடன் அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலுள்ள ஆய்வு மையத்துக்குச் சென்றார். 1970 ஏப்ரலில் அங்கு வைக்கப்பட்ட தீயில் குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்து போயின. வாழ்நாள் உழைப்பு சாம்பலான நிலையில், நினைவில் எஞ்சியதைக் கொண்டே எழுதுமாறு நண்பரான அறிஞர் ஒருவர் தூண்டினார். அவ்வாறு எழுதப்பட்ட நூல் 1976இல் வெளிவந்தது. புள்ளிவிவரங்கள் எரிந்தபின் எஞ்சியவை மனிதர்களும் அவர்களது பேச்சும் நடையுமே. ஊர்த்தலைவர், நிலம், மாடு, வழக்கு, விருந்து, பகை ஆகிய அனைத்தும் அதில் உயிருடன் நடமாடுகின்றன. ஆதிக்கச் சாதி, வாக்கு வங்கி என்று இன்று செய்தித்தாள்களில் சாதாரணமாக வழங்கும் தொடர்கள் இவ்வறிஞரின் எழுத்து வழியாகவே பரவின என்பதை அறிந்தோர் சிலரே.

இந்நூலிலும் குறை உண்டு. ஊர்த்தலைவருக்குச் சொந்தமான வீட்டில் தங்கியிருந்தவருக்கு ஊர் அத்திண்ணையிலிருந்தே தென்பட்டது. பெண்களிடமும் தாழ்த்தப்பட்ட மக்களிடமும் தமக்கிருந்த நெருக்கம் குறைவு என்பதை நூலாசிரியரே ஒளிக்காமல் கூறியுள்ளார். கள ஆய்வுக்குச் செல்லும் வளர்ச்சித்துறை அலுவலர் இப்பகுதியை இருமுறை படிப்பது நன்று. அவரது ஊர்தியும் பெரும்பாலும் ஊர்த்தலைவரின் வீட்டு வாயிலில்தான் நிற்கிறது. சீனிவாஸ் பெங்களூரிலுள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தின் தொடக்கக் காலத்தில் பணியாற்றி, 1999இல் இந்நகரில் மறைந்தார்.

ஏரியும் வரியும்

நகராட்சி, நீர்வழங்கல் துறைகளில் பணிபுரிவோர்க்கு ஜானகி நாயர் எழுதி 2005இல் வெளிவந்த "தி பிராமிஸ் ஆப் தி மெட்ரோபொலிஸ்" உரியது. இருபதாம் நூற்றாண்டில் பெங்களூர் வளர்ந்த கதை அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆய்வு நடை சற்றுக் கடினமானது. நகரின் வரைபடத்தை அருகில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் தெளிவாகும். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மத்தியப் பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. ஏரிகளைக் கொண்டு வாழ்ந்த நகரம், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் குடிக்கும் நிலைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி மக்கள் குடிநீர் வண்டிகளுக்காகக் காத்து நின்றதை அனைவரும் கண்டனர்.

இந்நூலுடன் ஒரு கவிதையையும் சேர்த்துப் பரிந்துரைக்கலாம். புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசுகிறார். போரில் வென்ற மன்னனுக்குப் புலவர் கூறும் அறிவுரை, நீர் தங்கும் இடங்களைப் பெருக்கு என்பதே. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது என்றும், அவ்விரண்டையும் சேர்த்து வைப்பவரே உயிர்களைப் படைத்தவர் ஆவர் என்றும் அவர் வாதிடும் முறை, எந்தப் பாசனத் திட்ட அறிக்கைக்கும் முன்னுரையாகத் தகும்.

அதே தொகுதியின் 184ஆம் பாடல் வருவாய்த்துறையினர்க்கு உரியது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறிய நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதினும் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. வரி வாங்கும் முறை பற்றிப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய இவ்வுவமை 2019ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை உரையிலும் எடுத்தாளப்பட்டது. பொது நிதியியல் பாடநூல்கள் வரி வசூலின் சிக்கனம் என்று பல பக்கங்களில் விளக்குவதைப் புலவர் ஒரு வயலில் காட்டிவிடுகிறார். கவிதையைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கும் அலுவலர்க்கு முதலில் தர வேண்டியது இப்பாடலே.

தந்தையும் மகனும்

பெங்களூரில் வாழும் தமிழ் வாசகர் அண்டை மொழியான கன்னடத்தைக் கடைத்தெருவில் பேசுவதோடு நிறுத்திக்கொள்வது பெரும் இழப்பு. டி.வி. குண்டப்பா 1943இல் வெளியிட்ட "மங்குதிம்மன கக்க" 945 நான்கடிப் பாடல்களைக் கொண்டது. மந்தமதியுடைய திம்மன் ஒருவனை முன்னிறுத்தி வாழ்க்கையின் ஐயங்களைப் பேசுகிறது. குறளில் தோய்ந்தவர்க்கு அதன் சுருக்கமும் பற்றின்மை நிறைந்த நகையும் எளிதில் பிடிபடும். பழங்கன்னடச் சொற்கள் மிகுதியாதலால் உரையுடனோ கன்னட நண்பருடனோ படிப்பது நலம். இதழாசிரியராக வாழ்ந்த இக்கவிஞரே 1945இல் கோகலே பொதுவியல் நிலையத்தை நிறுவியவர். பொது வாழ்வுக்கு நூலறிவும் விவாதமும் அடிப்படை என்பது அவரது உறுதி.

அவருடைய மகன் பி.ஜி.எல். சுவாமி தாவரவியலறிஞர். அரங்கநாதன் கணிதம் கற்பித்த அதே சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். மாணவர்களுடன் காடுகளில் செடி தேடி அலைந்ததைக் கூறும் "ஹசுரு ஹொன்னு" என்னும் அவரது கன்னட நூல் 1978ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. அறிவியலைச் சிரித்துக்கொண்டே கற்பிக்க இயலும் என்பதற்கு அந்நூல் சான்று. வேளாண்மைத் துறையினர்க்கு அவரது மற்றொரு நூலான "நம்ம ஹொட்டெயல்லி தட்சிண அமெரிக்கா" இன்னும் ஏற்றது. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, நிலக்கடலை, முந்திரி ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து இந்நாட்டு வயல்களுக்கு வந்தவை. தமிழகத்தில் பெங்களூர்க் கத்தரிக்காய் எனப்படும் சவ்சவ்வும் அவ்வாறு வந்ததே. புதிய பயிரை உழவர் ஏற்கமாட்டார் என்று குறிப்பெழுதும் விரிவாக்க அலுவலர், அன்று மதியம் உண்ட சாம்பாரை எண்ணிப் பார்க்கலாம்.

நூல் தேடிய வாசகர்

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. இராமானுசன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்ற புதிதில், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி அங்குள்ள நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கினார். பழந்தமிழை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. தேடியது கிடைக்குமுன் வேறொன்று கையில் பட்டது. அது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு "தி இன்டீரியர் லாண்ட்ஸ்கேப்" என 1967இல் வெளிவந்தது. சங்கப் பாடல்கள் உலக வாசகரிடம் சென்று சேர்ந்ததில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. கன்னட வசனங்களின் மொழிபெயர்ப்பான "ஸ்பீக்கிங் ஆப் சிவா" 1973இல் வந்தது. கன்னடம் அறியாத தமிழர் பசவண்ணரையும் அக்கமகாதேவியையும் அறிந்துகொள்ள இது நல்ல வாயில். சொற்செட்டான நவீனக் கவிதைபோல் அமைந்த அம்மொழிபெயர்ப்பில் மூலத்தின் பக்திச் சூடு சற்றுத் தணிகிறது என்போரும் உளர். அக்கருத்தில் நியாயம் இல்லாமலில்லை.

அரங்கநாதனின் மூன்றாம் விதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. எனினும் தற்செயலை நம்பி நூலகம் நடத்த இயலாது. கல்லூரிகளும் அலுவலகங்களும் பெருஞ்செலவின்றி ஒன்று செய்யலாம். நூலைத் திருப்பித் தரும் வாசகர், எவருக்கு இது பயன்படும், எப்பகுதியிலிருந்து தொடங்கலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று அரைத்தாளில் எழுதித் தர, நூலகர் அதனை நூலின் பின்னட்டையின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். மார்ச்சு மாதக் கொள்முதலுக்கு முன் நூலகக் குழு அத்தாள்களைத் திரட்டிப் பார்த்தால், அடுத்து வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலும் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும்.