சொந்தப் பாட்டு பாடி ஜீவிப்பது

(பெங்களூர் ஜோகுபாளையத்தில் உறுப்பினர் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"இன்றைய இளைஞர்களும் இசையும்" என்று பேசச் சொன்னார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்துநாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ராக லட்சணம் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. வரவு செலவு பற்றிப் பேசலாம். ஆகவே, தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ஒருவர் எப்படி ஜீவனம் நடத்துகிறார் என்பதை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

இப்படிப்பட்டவரை இப்போது 'சிங்கர் சாங்ரைட்டர்' என்கிறார்கள். ஏதோ மேல்நாட்டிலிருந்து இறங்கிய புது சமாசாரம் போல நாமும் கேட்டுக் கொள்கிறோம். நம்மிடம் அதற்கு எப்போதோ வார்த்தை இருக்கிறது: வாக்கேயக்காரர். வாக்கு என்றால் சொல், கேயம் என்றால் பாடப்படுவது. இரண்டையும் செய்கிறவர். தியாகராஜ ஸ்வாமிகள் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார் என்று கதாகாலட்சேபத்தில் சொன்னால் நமக்குக் கண் கலங்குகிறது. நம் ஆத்துப் பெண் அதையே உத்தியோகம் என்று சொன்னால் வயிறு கலங்குகிறது. இரண்டும் நியாயமான கலக்கம்தான், நான் குறை சொல்லவில்லை.

கொஞ்சம் கிட்டத்து உதாரணம் பார்ப்போம். பாபநாசம் சிவன் 1890-ல் பிறந்து 1973-ல் காலமானவர். மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் அவர் நடத்திய பஜனையை நேரில் கேட்டவர்கள் உங்கள் குடும்பங்களிலேயே இருந்திருப்பார்கள். கீர்த்தனைகளை 1934-லேயே புஸ்தகமாகப் போட்டார். சங்கீத கலாநிதி விருது வந்தது 1971-ல். அப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அதுவரை குடும்பம் எப்படி நடந்தது? சினிமாவுக்குப் பாட்டு எழுதினார். கலாக்ஷேத்திராவில் சொல்லிக் கொடுத்தார். மாட வீதி பஜனைக்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. பேர் ஒரு இடத்தில் வந்தது, அரிசி இன்னொரு இடத்தில் வந்தது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், இந்தக் காலத்துக் கணக்கும் இதேதான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இந்த ஜோகுபாளையத்துக்கு ஒரு பக்கம் அல்சூர் ஏரியும் சோமேஸ்வரர் கோவிலும். இன்னொரு பக்கம் சி.எம்.எச். ரோடு வழியாகப் போனால் இந்திராநகர். இங்கே சாயங்காலம் சந்தியாவந்தனம் முடிகிற நேரத்தில் அங்கே கிட்டாருக்கு ஸ்ருதி கூட்டுகிறார்கள். 2013 முதல் 2019 வரை 'ஹம்மிங் ட்ரீ' என்று ஒரு இடம் அங்கே இருந்தது. தங்கள் சொந்தப் பாட்டைப் பாடுகிறவர்களுக்கு மேடை கொடுத்ததற்காகவே அதற்கு நல்ல பேர். வாடகை, லைசென்ஸ், சத்தம் என்று ஆயிரம் உபத்திரவம் உள்ள தொழில். இப்படிப்பட்ட இடங்கள் வரும், போகும்.

போகாமல் இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். 1996-ல் கிறைஸ்ட் காலேஜ் பையன்கள் சேர்ந்து 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பேருக்கு அர்த்தம் கேட்டால் சிரிப்பு வரும். ஆரம்பத்தில் மூன்று பேர் மலையாளி, நாலாமவர் கால் மலையாளியாம். 'த்ரீ மல்' என்பதை வேகமாகச் சொன்னால் 'தெர்மல்'. பாடுகிறவர், கிட்டார் வாசிக்கிறவர் பேர் புரூஸ் லீ மணி. அவரும், டிரம்ஸ் வாசிக்கும் ராஜீவ் ராஜகோபாலும் இத்தனை வருஷமாக அந்தக் குழுவை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். முதல் ஆல்பம் 2000-ல். பிறகு 2002, 2005, 2008 என்று வரிசையாக. 2012-ல் மூன்று குறுந்தகடுகளாக ஒரே ஆல்பம். அதன் பேரில் வரும் மூன்று சக்கரம் நம்ம ஊர் ஆட்டோரிக்ஷாவை நினைவுபடுத்தும். 2020-ல் மறுபடி ஒன்று. எல்லாம் இங்கிலீஷ் பாட்டு, எல்லாம் சொந்தப் பாட்டு, பெங்களூரைப் பற்றியே நிறைய. சினிமாவுக்குப் போகாமல், பம்பாய்க்குக் குடி போகாமல், இதே ஊரில் இருந்து கொண்டு. எனக்கு அந்த சங்கீதம் முழுக்கப் புரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருஷம் ஒரு கடையைத் திறந்து வைத்திருந்தால் பாங்குக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான்.

அவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். 'டாக்கடமி' என்று ஒரு சங்கீதப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பார்த்தீர்களா, சிவன் கலாக்ஷேத்திராவில் சொல்லிக் கொடுத்த அதே கதைதான்.

இந்த விஷயங்கள் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் தம்பி பெண் கும்பகோணத்திலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்காக இங்கே வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். வேலைக்கு வந்தவள் மூன்றாம் வருஷம் அதை விட்டுவிட்டு, தமிழிலும் இங்கிலீஷிலும் பாட்டு எழுதி கிட்டாரோடு பாட ஆரம்பித்தாள். தம்பி போனில், "அண்ணா, நீ கொஞ்சம் புத்தி சொல்லு" என்றான். எனக்குத் தெரிந்த புத்தி ஒன்றுதான். ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, "எது வந்தாலும் என்கிட்டே சொல்லிடும்மா, நான் எழுதறேன்" என்றேன். மூன்று வருஷமாக எழுதுகிறேன்.

அந்த நோட்டிலிருந்து சில விஷயங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல், குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் வருகிறது. அடுத்தது கம்பெனி விழாக்கள். அங்கே சொந்தப் பாட்டு கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் பாடச் சொல்வார்கள். கிளப் மேடை மூன்றாவது. கூட வாசிக்கிறவர்களுக்குக் கொடுத்து, ஆட்டோவுக்குக் கொடுத்து, மிச்சம் இருந்தால் அது அவளுடையது. கடைசி வரி, இணையத்தில் பாட்டைக் கேட்பவர்களால் வருவது. ஸ்பாட்டிஃபை நம் நாட்டுக்கு வந்தது 2019-ல். ஒருவர் ஒரு முறை கேட்டால் பைசாக் கணக்கு. போன வருஷம் முழுக்க அதில் வந்தது, நாலு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் தொகை. காபி தனி!

ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தக் கடைசி வரிதான் முதல் வரிக்கு வழி. இணையத்தில் அவள் பாட்டைக் கேட்ட தாயார்தான் பெண்ணை அழைத்துக் கொண்டு வகுப்புக்கு வருகிறாள். ஆகவே அதை நஷ்டக் கணக்கு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, விளம்பரச் செலவில் வரவு என்று எழுதுகிறேன். ஆடிட்டர் ஒப்புக் கொள்வாரா தெரியாது.

ஒரு இடத்தில் பாடின பணம் ஏழு மாசம் வரவில்லை. யார் என்று சொல்வது இங்கே பிரயோஜனமில்லை. அதன் பிறகு முன்பணம் பாதி, தேதி போட்ட கடிதம் ஒன்று, இரண்டும் இல்லாமல் அவள் கிளம்புவதில்லை. கிட்டாரைத் தூக்குமுன் மின்னஞ்சலைப் பார்ப்பாள். நம் சபாக்களை நினைத்து நாம் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். மத்தியானக் கச்சேரி பாடும் குழந்தைக்கு அங்கேயும் பல சமயம் தேங்காய் மூடிதான்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. இந்திராநகரில் நம் உறுப்பினர்கள் பலர் வீடு கட்டி இருக்கிறார்கள். ராத்திரி தூக்கம் போகிறது என்று மனு கொடுத்ததில் அவர்களும் உண்டு. பொழுதுபோக்கு இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2005-ல் பெங்களூர் போலீஸ் போட்ட உத்தரவு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2018 ஜனவரியில் சொன்னது. அந்த வருஷம் லைசென்ஸ் இல்லாத பல இடங்களில் பாட்டு நின்றது. மனு கொடுத்தவர் பக்கம் நியாயம் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ஆம் வருஷ விதியே இருக்கிறது. ஆனால் அதிரவைக்கும் ஸ்பீக்கரும், ஒரு பெண் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுவதும் ஒரே உத்தரவில் அடிபட்டால், பெரிய இடம் லைசென்ஸ் வாங்கிக் கொள்ளும், சின்ன மேடைதான் மூடும். எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடிக்கும் சின்ன இடங்களுக்குத் தனி வழி வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதை அங்கத்தினர் நலச் சங்கக் கூட்டத்தில் சொல்லி வாங்கிக் கட்டிக் கொண்டும் இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் வேறு மாதிரி. அங்கே சொந்தப் பாட்டுக்காரரை சினிமா சீக்கிரம் கூப்பிட்டுக் கொள்கிறது. ஷான் ரோல்டன் என்ற பேரைக் கேட்டால் யாரோ ஸ்பெயின்காரர் என்று தோன்றும். நம்ம சாண்டில்யனின் பேரன்! மிருதங்கம் பயின்றவர். நண்பர்களோடு ஒரு குழு வைத்துச் சொந்தப் பாட்டு பாடிக் கொண்டிருந்தவர், 2014-ல் 'வாயை மூடி பேசவும்', 'முண்டாசுப்பட்டி' என்று சினிமாவுக்கு வந்தார். 'ஜெய் பீம்' 2021-ல். இதை வீழ்ச்சி என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவனும் அதைத்தானே செய்தார். பெங்களூரில் இங்கிலீஷில் பாட்டு எழுதுகிறவருக்கு அந்தக் கதவு கிடையாது. அதனால்தான் இங்கே கணக்கு நோட்டு இன்னும் முக்கியம்.

இனி காகித விஷயம், இதற்காகத்தான் இன்று வந்தேன். பாட்டை எழுதி முடித்த க்ஷணமே காப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் சாட்சியம் பலமாக இருக்கும், அவ்வளவே. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் அது நிற்கும். அதாவது பாபநாசம் சிவன் இயற்றியவற்றுக்குச் சட்டப்படி உரிமைக் காலம் 2033 டிசம்பர் வரை இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம்தான் என்று சட்டம் எடுத்துக் கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். ஆகவே "உலகம் முழுவதும், என்றென்றும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். சினிமாவில் வந்த பாட்டுக்கும், இசைத்தட்டில் வந்த பாட்டுக்கும் எழுதியவர், மெட்டமைத்தவர் இருவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்க முடியாது என்றும் 2012-ல் சட்டத் திருத்தம் வந்தது. ராஜ்யசபையில் ஜாவேத் அக்தர் இதற்காக ரொம்பப் பாடுபட்டார். வசூலித்துக் கொடுக்க 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, 2017-ல் புதுச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவானது. என் தம்பி பெண் அதில் அங்கத்தினர். முதல் தடவை வந்த தொகை சொற்பம். ஆனால் தம்பிக்கு அந்த ரசீதை அனுப்பினேன். அவன் அதை இரண்டு தடவை படித்ததாக மன்னி சொன்னாள்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாரதியாரே போதும். 1921-ல் குடும்பத்துக்கு ஒன்றும் வைக்காமல் போனார். பாட்டுகளின் உரிமை கைமாறிக் கைமாறி, இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசாங்கம் தலையிட்டது, பாட்டுகள் எல்லோருக்கும் பொதுவாயின. எல்லா வாக்கேயக்காரருக்கும் அரசாங்கம் வருமா?

போன தை மாசம் தம்பி வரன் பார்க்க ஆரம்பித்தான். ஜாதகத்தோடு அனுப்பும் விவரத் தாளில் உத்தியோகம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று ஒரு மணி நேரம் போனில் சர்ச்சை. 'பி.டெக்., முன்பு சாஃப்ட்வேர்' என்று போட்டால் போதும் என்றான். அவள், "பெரியப்பா, இப்போ நான் அது இல்லையே" என்றாள். கடைசியில் 'சுயதொழில், இசை' என்று எழுதி, மூன்று வருஷ வருமான வரிக் கணக்கையும் கூட வைத்தோம். ஒரு இடத்திலிருந்து, "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடுவாளோ?" என்று கேட்டார்கள். மாட்டாள் என்று தம்பியே பதில் சொன்னான். அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. இன்னொரு இடத்தில் பையன், பாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறான். பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. நிரந்தர வைப்புக்கு நாமினி போடுகிறோம், லாக்கருக்குப் போடுகிறோம். பாட்டு எழுதும் குழந்தை வீட்டில் இருந்தால், எழுதின பாட்டுகளின் பேர், தேதி, கூட உழைத்தவர் யார், அவருக்கு எத்தனை பங்கு என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உயில் எழுதும்போது நிலம், நகையோடு அதையும் சேர்க்கலாம். நோட்டு வாங்க அறுபது ரூபாய் ஆகும். மாதிரிப் பட்டியல் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், வேண்டியவர்கள் வாங்கிக் கொள்ளலாம்.