பாட்டியின் விசுவாசம் பேரனுக்கு வந்த வழி

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். உங்களில் பலர் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். ஆனால் குடும்பம் எல்லாருக்கும் ஒன்றுதானே? எங்கள் வேதத்தில் வரும் சில வீடுகளுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அங்கேயும் நம்ம வீட்டுச் சண்டைதான் நடக்கிறது!

லீஸ்திரா என்ற ஊரில் தீமோத்தேயு என்று ஓர் இளைஞன். அப்பா கிரேக்கர், அம்மா யூதப் பெண். பின்னாளில் அவன் பெரிய சபை ஊழியனானான். அவனுக்குக் கடிதம் எழுதிய பவுல் அப்போஸ்தலர், பாட்டி லோவிசாளையும் தாயார் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அவர்களிடம் இருந்த விசுவாசம்தான் பேரனிடம் வந்ததாம். அப்பாவின் பெயரோ வேதத்தில் எங்கும் இல்லை. கிரேக்கர் என்பதோடு சரி. காரணம் சொல்லப்படவில்லை. ஆனாலும் அப்பாமார்களே, சம்பள நாளன்று பொழுது சாய்ந்ததும் எந்தப் பக்கம் கால் போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் நினைவில் நம்ம பெயர் இருக்க வேண்டாமா?

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவினவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கருக்கலில் பெரட்டுக்குப் போகுமுன் விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பாராம். இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அவர் பாயில் கண்ணை மூடிக்கொண்டு, தன் பெயர் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பாராம். பாட்டி அவருக்குப் பிரசங்கம் ஏதும் பண்ணவில்லை. பெயர் வந்தது, அவ்வளவுதான்.

இனி யாக்கோபின் வீட்டுக்கு வாருங்கள். இன்று பரிசு கொடுக்கும் நாளல்லவா? அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ஈசாக்குக்கு மூத்தவன் ஏசாமேல் பிரியம். அவர் மனைவி ரெபெக்காளுக்கு இளையவன் யாக்கோபுமேல் பிரியம். பலன்? கண் தெரியாத தகப்பனை யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கையில் போர்த்தி ஏமாற்றினான். அப்படிப்பட்டவனாவது திருந்தினானா? தானும் தகப்பனானபோது யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்தான். மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தம்பியை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டு, அந்த அங்கியை ஆட்டுக்கடா இரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அன்றும் ஆடு, இன்றும் ஆடு! தான் தகப்பனுக்குச் செய்ததே தன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

பெற்றோர்களே, இன்று உங்கள் வீட்டுக்கு ஒரு கோப்பை வரும். பக்கத்திலேயே ஒன்றும் வாங்காத தம்பியோ அக்காளோ நடந்து வருவார்கள். "அவனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று ஒரு வார்த்தை வழியில் விழுந்துவிட வேண்டாம். வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வரும் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கூசுகிறது. யாக்கோபின் வீட்டில் இந்தச் சங்கிலியை அறுத்தவன் விற்கப்பட்ட யோசேப்புதான். எகிப்தில் அதிகாரியான பிறகு அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் கேட்டு வந்தார்கள். அவன் பழிவாங்கவில்லை, அழுதான். அடி வாங்கி வளர்ந்தவன் தன் பிள்ளையை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஆசாரியனாகிய ஏலியையும் சொல்லிவிடுகிறேன். ஆலய வேலையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தவர். சொந்த மகன்கள் ஓப்னியும் பினெகாசும் காணிக்கை இறைச்சியைப் பறித்துத் தின்றபோது அடக்காமல் விட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிற எங்களைப் போன்ற வாத்தியார்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றால்தான் பிள்ளையா? தஞ்சாவூரில் 1798இல் காலமான சுவார்ட்ஸ் ஐயர் கலியாணமே செய்துகொள்ளாதவர். ஆனால் 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் என்ற பையனை அழைத்து வந்து வளர்த்தார். இளவரசர் சரபோஜியும் அவரிடம் படித்தார். அந்த வேதநாயகம்தான் பின்னர் ஆசிரியராகி, பெத்லகேம் குறவஞ்சி பாடிய சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகள் கடல் தாண்டி இங்கேயும் வந்தன. 1706இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிய லூத்தரன் சபையின் பேரப்பிள்ளைகளும் கப்பலேறி வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற சீயோன் ஆலயம் அவர்கள் வழியில் எழுந்ததுதான்.

இப்போது எனக்குள்ள கவலையைச் சொல்கிறேன். கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் இருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. தகரப் பெட்டியில் வந்த தமிழ் வேதப் புத்தகம் அலமாரி மேல் இருக்கிறது. பேரனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. தேவாரமும் திருப்புகழும் சில வீடுகளில் அதே கதிதான். பாட்டி ஓர் அறையில், பேரன் கைப்பேசியோடு மற்றோர் அறையில். இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிறது இந்தத் தமிழ்ப்பள்ளி.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசாக வாங்கிய புத்தகத்தை இரவு சாப்பிட்ட பிறகு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒரு பக்கம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பரிசு வாங்காதவர்கள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் வந்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.