அம்மா வந்தது: எல்லைப்புறத்து மொழிகளில் அடையும் வினையும்



ஓசூர் என்னும் பெயரிலேயே இலக்கணம் தொடங்கிவிடுகிறது. கன்னடத்தில் 'ஹொஸ' என்றால் புதிய. 'ஊரு' என்றால் ஊர். ஹொஸ ஊரு, ஹொஸூரு ஆயிற்று. தமிழ் நா ஹகரத்தை உதிர்த்துவிட்டு ஓசூர் என்றது. பழங்கன்னடத்தில் இச்சொல் 'பொஸ' என்றே இருந்தது. பகரம் ஹகரமாதல் கன்னடத்தின் இயல்பு. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து. பொஸ என்பதும் தமிழின் புது என்பதும் ஒரு வேரின் கிளைகள். ஆகவே ஓசூர் தமிழில் புத்தூர். தெலுங்கில் சொன்னால் கொத்தூரு. மூன்றிலும் அடை முன்னே நிற்கிறது, பெயர் பின்னே நிற்கிறது.

அந்த அடை தான் சேரும் பெயருக்கேற்ப உருமாறுவதும் இல்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடுகள் என்று தமிழில் 'நல்ல' மாறாமல் நிற்கிறது. கன்னடத்தில் ஒள்ளெய ஹுடுக, ஒள்ளெய ஹுடுகி. தெலுங்கில் மஞ்சி அப்பாயி, மஞ்சி அம்மாயி. இந்தியிலோ அச்சா லட்கா, அச்சீ லட்கீ என்று அடையும் பால் காட்டியாக வேண்டும். ஓசூரின் தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து தமிழ் பழகும் தொழிலாளர்க்கு இந்த ஒன்றிலேனும் சுமை குறைவு. சுமையெல்லாம் வினைமுற்றில் இருக்கிறது. பேச வேண்டுவதும் அதைப் பற்றித்தான்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓரினம் என்பதை வேர்ச்சொற்களையும் தொடரமைப்பையும் அருகருகே வைத்து முதலில் அச்சில் காட்டியவர் எல்லிசு. 1816இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையோடு சேர்ந்து அக்கட்டுரை வெளிவந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. சென்னையில் அமர்ந்து எல்லிசு ஏடுகளையும் அறிஞர்களையும் கொண்டு செய்த ஒப்பீட்டை இம்மாவட்டத்தில் கடைத்தெருவுக்குப் போய்வருபவர் எவரும் தம்மை அறியாமலே செய்துகொண்டிருக்கிறார். வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு மிகுதி. தளிப் பக்கம் கன்னடம் மிகுதி. கிருஷ்ணகிரியில் தக்கனி உருதும் உண்டு. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கோடு நிலத்தின்மேல் விழுந்ததே தவிர வீடுகளின்மேல் விழவில்லை. ஒரே வீட்டில் பாட்டி ஒரு மொழியும் பேரன் இரண்டு மொழியும் பேசுவது இங்கு வியப்பன்று.

அந்தப் பேரன் பள்ளிக்குப் போகிறான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாய பாடமாக்கியது. 2015-16இல் அதன் முதல் அணி பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மை மாணவர்க்கு விலக்குக் கோரும் வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் சென்றன. சட்டத்தின் நன்மை தீமையை ஆய்வது இங்கு நோக்கமன்று. தமிழைக் குழந்தையின் முன் வைத்தாயிற்று. அந்தக் குழந்தையின் வாயில் ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது என்பதைக் கற்பிப்போர் அறிந்திருக்கிறார்களா என்பதே வினா.

தெலுங்கு வீட்டுக் குழந்தை தமிழ் எழுதும்போது 'அம்மா வந்தது', 'அக்கா சொன்னது' என்று எழுதுவதுண்டு. சிவப்பு மை உடனே இறங்குகிறது. திணை வழு என்று எழுதுவதோடு நின்றால் குற்றமில்லை. தேர்வுத் தாளில் அது வழுதான். ஆனால் 'பெற்ற தாயை மாடுபோலச் சொல்கிறாயே' என்று ஒரு சொல் கூடச் சேர்ந்துவிடுகிறபோது இலக்கணம் ஒழுக்கத் தீர்ப்பாகிவிடுகிறது. அங்கே குழந்தைக்கு இழைக்கப்படுவது அநீதி.

ஏனெனில் தெலுங்கின் முறை அது. ஆண் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் பசு வந்தாலும் பேருந்து வந்தாலும் 'வச்சிந்தி'. பெண்ணைச் சுட்ட 'ஆமெ' என்று தனிப்பெயர் உண்டு. எனினும் 'ஆமெ வச்சிந்தி' என்றே வினை முடியும். பன்மைக்குப் போனால் நிலை மாறுகிறது. ஆடவரும் பெண்டிரும் 'வச்சாரு', பிறவெல்லாம் 'வச்சாயி'. ஒருமையில் அஃறிணையோடும் பன்மையில் ஆடவரோடும் பெண்பாலைச் சேர்க்கும் இந்த வினோதத்தைத் தெலுங்கு இலக்கணிகள் நன்கு அறிந்தே மஹத்து, மஹதீ, அமஹத்து என மூன்று பெயரிட்டனர். மஹத்து ஆண், அமஹத்து மக்கள் அல்லாதவை, மஹதீ பெண். மதிப்பு வேண்டுமானால் தெலுங்கரும் தமிழரைப் போலவே பலர்பாலை நாடுகின்றனர்: 'அம்மகாரு வச்சாரு'. ஆகவே மதிப்புக்குரிய இடம் அங்கே வேறு. அது ஒருமை வினைமுற்றில் இல்லை.

தமிழும் கன்னடமும் வேறு வழி. வந்தான், வந்தாள், வந்தது. பந்தனு, பந்தளு, பந்திது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் திணைப் பாகுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. மக்களாகக் கருதப்படுவோர் உயர்திணை, பிறவெல்லாம் அஃறிணை. தமிழர் இதனைப் பெருமையாகச் சொல்வர், சொல்லத் தக்கதே. ஆயினும் அப்பெருமையைக் கொண்டு அயலாரை அளப்பது பொருந்தாது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில், மூலத் திராவிடத்தில் ஒருமைப் பாகுபாடு ஆண், ஆண் அல்லாதது என்ற இரண்டே என்று கொள்கிறார். 'அவள்' என்னும் தனிப் பெண்பால் தென்திராவிடக் கிளையில் பின்னர்த் தோன்றியது என்பது அவர் முடிவு. எல்லா அறிஞரும் இதில் உடன்பட்டவர் அல்லர். எனினும் இம்முடிவு சரியெனில், சிவப்பு மை பட்ட அந்த வாக்கியம் பழைய வழக்கின் எச்சம். வந்தாள் என்பதே புதுமை.

மொழியின் பால் வேறு, உலகத்துப் பால் வேறு என்பதற்குச் சான்று வேண்டுவோர் வடமொழியைப் பார்க்கலாம். மனைவியைக் குறிக்கும் சொற்களில் பார்யா பெண்பால். தார என்பது ஆண்பால், அதுவும் பன்மையில் வருவது. களத்ர என்பது அலிப்பால். செருமானியர்க்குச் சிறுமி என்னும் சொல்லும் அலிப்பாலே. அவர்கள் தம் மகளிரைப் பொருளாக எண்ணினர் என்று எவரும் சொல்வதில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? தமிழ்நாட்டின் பல வட்டாரங்களில் 'அக்கா வந்துச்சு', 'அந்தப் பொண்ணு சொல்லுச்சு' என்பன நாள்தோறும் கேட்கும் பேச்சு. அதில் இழிவில்லை; நெருக்கம் உண்டு. 'குழந்தை அழுதது' என்று எழுதப் புலவரும் தயங்குவதில்லை.

திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் அறியாததன்று. உவகை, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என ஐந்து காரணம் காட்டி அம்மயக்கத்தை அமைத்துக்கொள்கிறது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று அழைப்பது பாடம் நடத்துவோர் வழக்கமாகக் காட்டும் சான்று. எல்லைப்புறத்துக் குழந்தையின் 'அம்மா வந்தது' அந்த ஐந்தில் எதிலும் அடங்காது. தாய்மொழி என்பது ஆறாவது காரணம். நன்னூலார் இந்த ஆறாவதை அறியாதிருந்திருப்பாரா என்பது ஐயமே. பவணந்தியாரை நூல் செய்ய வேண்டிய சீயகங்கன் கங்க மரபினன். கங்கரோ குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தம் பழம்பதியாகச் சொல்லிக்கொண்டவர். ஓசூரிலிருந்து கோலார் எட்டிய தொலைவன்று. அதே 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் கன்னடத்துக்குச் சப்தமணிதர்ப்பணம் செய்தார். இருவரும் சமணர். தமிழின் பெயர்பெற்ற இலக்கணம் ஒன்று கன்னட நாட்டோடு உறவுடைய அரசன் வேண்டப் பிறந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லாமலே நூற்பாக்களை மனப்பாடம் செய்ய வைப்பது வழக்கமாகிவிட்டது.

இனி மற்றொன்று. இது புலவர்க்குச் சிறிது வெட்கம் தரத்தக்கது. குறிப்பு வினைமுற்று என்று ஒன்று உண்டு. யான் நல்லேன், நீ நல்லை, அவன் நல்லன் என்பன அதற்குச் சான்று. அடைப்பொருளே வினைபோல் இடம் காட்டி முற்றி நிற்கும் இவ்வடிவங்கள் இன்றைய தமிழ்ப் பேச்சில் இல்லை. நான் நல்லவன், நீ நல்லவன், அவன் நல்லவன் என்று மூவிடத்துக்கும் ஒரே சொல்லாயிற்று. மாணவர்கள் 'நல்லேன்' என்பதை நூதனசாலைப் பொருள்போல் பார்க்கிறார்கள். ஆனால் தெலுங்குச் சிறுவன் தெருவில் நின்று 'நேனு மஞ்சிவாண்ணி' என்கிறான். எதிரே நிற்பவனை 'நுவ்வு மஞ்சிவாடிவி' என்கிறான். தன் கூட்டத்தைச் சேர்த்து 'மேமு மஞ்சிவாள்ளம்' என்கிறான். பெயரோடு இடங்காட்டும் விகுதி சேர்ந்து முற்றாக நிற்கும் அதே நெறி! வகுப்பறையில் செத்ததாகக் கருதப்படும் இலக்கணம் வாசலில் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறது.

எதிர்மறையும் அவ்வாறே. பழந்தமிழில் வாரேன் என்றால் வரமாட்டேன். வாராய், வாரான், வாராது எனத் தொடரும். இல்லை என்பதைச் சொல்லத் தனி உருபு கண்ணுக்குத் தெரியாது. தெலுங்கில் இன்றும் ரானு, ராவு, ராடு, ராது. 'வா' என்னும் வினை அங்கே 'ரா' ஆனது தவிர அமைப்பு ஒன்றே. 'செய்யேன்' என்பதற்கு நேராகச் 'சேயனு' இருக்கிறது. தென்பாண்டித் தமிழர் 'வாரேன்' என்றால் வருகிறேன் என்று பொருள். அந்த வாரேனையும் பழைய வாரேனையும் மாணவர் குழப்பிக்கொள்ளும்போது, ரானு என்பதை அருகில் நிறுத்தினால் தெளிவு கிடைக்கும்.

கன்னடம் இவ்விடத்தில் வேறு பாதையில் போயிற்று. நானு பருவுதில்ல, அவனு பருவுதில்ல என்று எல்லா இடத்துக்கும் ஒரே முடிபு. அதனால் கன்னட வீட்டு மாணவன் 'நாளைக்கு நான் வருவதில்லை' என்பான். தமிழ்ச் செவிக்கு அது வழக்கத்தைச் சொல்வது. அவனுக்கு அது மறுப்பு. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் அவ்வாறே. தெலுங்கில் மனமு, மேமு என இரண்டு உண்டு. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே. கேட்பவரையும் உளப்படுத்தும் விகுதி எது, படர்க்கையாரைச் சேர்க்கும் விகுதி எது என்று நன்னூல் பிரித்துக் காட்டியிருக்கிறது. கன்னடத் தோழர் 'நாங்கள் எல்லாரும் சாப்பிடப் போகலாம்' என்றால் அழைக்கிறாரா விலக்குகிறாரா என்று தமிழர் ஒரு கணம் திகைப்பர். அழைக்கிறார், எழுந்து போகலாம். தக்கனி உருது வடக்கிலிருந்து வந்த மொழியாயினும் 'என்று' எனச் சொல்ல வேண்டிய இடத்தில் 'போல்கே' என்று சொல்லித் திராவிடத் தொடரமைப்பை ஏற்றுக்கொண்டது. அது தனியே ஆயத்தக்கது.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆதலால் மொழிபெயர்ப்பில் இவ்வினைமுற்றுகள் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். தென்பெண்ணை கன்னட நாட்டில் பிறந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. 'பெண்ணை வந்தாள்' என்று தமிழ்க் கவிஞர் எழுதினால் ஆள் என்னும் ஒரு விகுதியால் ஆறு பெண்ணாகிவிடுகிறது; உவமை வேண்டா, உருவகம் வேண்டா. கன்னடத்தில் 'பந்தளு' என்று அப்படியே பெயர்க்கலாம். தெலுங்கில் முடியாது. ஆறு வந்தாலும் வச்சிந்தி, பெண் வந்தாலும் வச்சிந்தி. பெயர்ப்பவர் 'தல்லி' என்று தாயைக் குறிக்கும் சொல்லை வெளிப்படச் சேர்க்க வேண்டும். தமிழில் விகுதிக்குள் மறைந்திருந்த நயம் அங்கே அறிவிப்பாகிவிடும்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. எழுவாயைச் சொல்லாமல் 'வச்சிந்தி' என்று மட்டும் சொல்லித் தெலுங்குக் கவிதை தொடங்கலாம். வந்தது மழையா, மகளா, நினைவா என்பது கடைசி அடிவரை தெரியாதிருக்கலாம். தமிழில் பெயர்ப்பவர் முதல் அடியிலேயே வந்தாள் என்றோ வந்தது என்றோ எழுதியாக வேண்டும். எழுதிய அக்கணமே கதவு திறந்துவிடும். இதற்குத் தமிழில் ஒரு வழி உண்டு. முற்றுக்குத்தான் திணையும் பாலும், எச்சத்துக்கு இல்லை. 'வந்த', 'வந்து' என்பன ஐம்பாலுக்கும் பொது. ஆகவே முற்றாக நின்ற வச்சிந்தியை எச்சமாக்கி, 'வந்து', 'நின்று', 'கதவைத் தட்டி' என்று அடிதோறும் அடுக்கிச் சென்று, பெயர் வெளிப்படும் இறுதி அடியில் முற்றை வைக்கலாம். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் பேசி வளர்ந்த கவிஞர்கள் இவ்வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கையில் இது எப்படி வருகிறதென்று அடுத்த கூட்டங்களில் கேட்க வேண்டும்.