பார்சல் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் இளம்பிள்ளை உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லைங்க. "குழுக் கூட்டத்தில் சொன்னதையே இங்கேயும் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989-ல் பக்கத்து தருமபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்து, பிறகு நம் சேலத்துக்கும் வந்தது. அன்றிலிருந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தது பஞ்ச சூத்திரம். முறையாகக் கூட்டம், முறையாகச் சேமிப்பு, உள்கடன், முறையாகத் திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. முதல் நாலையும் நாம் நன்றாகவே செய்கிறோம். ஐந்தாவதைக் குழுவுக்குச் செய்கிறோம், வீட்டுக்குச் செய்வதில்லை. நான் பத்து வருஷமாகக் குழுவின் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள். என் வீட்டில் ஒரு மாசம் எவ்வளவு எதற்குப் போகிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அப்படித்தான் இருந்தேன்.

எழுத ஆரம்பித்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வருஷம் பள்ளியில் ரத்தம் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.6. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதும்மா" என்று அவள் சொன்னபோதெல்லாம், "வயசுப் பொண்ணு, சோம்பேறித்தனம்" என்று திட்டியிருக்கிறேன். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற சத்து மாத்திரையை வயிறு பிரட்டுகிறது என்று தூக்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டா?" பரோட்டா என்றேன். "அதுக்கு முந்தின நாள்?" சிக்கன் ரைஸ் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

நம் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். காலையில் தறி போட்டால் ராத்திரி எட்டு மணி வரைக்கும் சத்தம் நிற்காது. தார் சுற்றணும், பாவு தீர்ந்தால் பிணைக்கணும், சேலையை மடித்துக் கணக்குக் கொடுக்கணும். அதற்கு மேல் வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைக்க யாருக்கு உடம்பு கேட்கும்? "ஏங்க, வர்றப்ப ஏதாவது வாங்கிட்டு வந்திருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் காசு கொடுத்து வாங்குவது பரோட்டாவை மட்டும் இல்லை. ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டுமா, இல்லையா?

ஒரு மாசம் எழுதினேன். ஐந்து பேர் இருக்கிற வீடு. வாரம் இரண்டு ராத்திரி பார்சல். ஆறு பரோட்டா, இரண்டு சிக்கன் ரைஸ், ஒரு சில்லி, மொத்தம் 350 ரூபாய். மாசத்துக்கு எட்டு தடவை, 2,800 ரூபாய். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சாயங்காலம் காளான், நூடுல்ஸ், பானிபூரி என்று ஒரு நாளைக்கு 30 ரூபாய். 24 நாளைக்கு 720. ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் 150 வீதம் நாலு வாரத்துக்கு 600. கூட்டிப் பார்த்தால் 4,120 ரூபாய். வருஷத்துக்கு 49,440 ரூபாய்!

நான் தறிக்கூடத்துக்கு மேற்கூரை போடக் குழுவில் வாங்கிய கடன் 50,000. இரண்டு வருஷமாக ராத்திரி தூக்கம் இல்லாமல் அடைத்துக்கொண்டிருந்த கடன் அது. அதே அளவு பணத்தை ஒரே வருஷத்தில் பொட்டலம் கட்டிச் சாப்பிட்டிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் வருகிற உரிமைத் தொகை 1,000 ரூபாய், மூன்று பார்சலுக்குப் பத்தாது.

இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு தங்கச்சி மட்டும் எழுந்து அழுதுவிட்டாள். அவள் சந்தைப் பக்கம் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டிருக்கிறாள். நம் குழுக் கடனில் போட்ட வண்டிதான். "நீயே கடன் குடுக்கக் கையெழுத்துப் போட்டுட்டு, நீயே என் பொழப்புல மண்ணைப் போடறியேக்கா" என்றாள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அவள் வண்டிக்கே போய் உட்கார்ந்தேன். அவள் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவள் தன் கணக்கைக் காட்டினாள். எண்ணெய், கோழி, மைதா, கடைக்கான பெரிய சிலிண்டர், வேலைக்கு வரும் பையன் சம்பளம், எல்லாமே ஏறியிருக்கிறது. நம் நாட்டில் சமையல் எண்ணெய் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் உக்ரைன், ரஷ்யா பக்கமிருந்து. 2022-ல் அங்கே போர் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா சில வாரம் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 செப்டம்பரில் நம் அரசு விவசாயிகளைக் காப்பாற்ற இறக்குமதி வரியைக் கூட்டியது. 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் கொஞ்சம் குறைத்தது. எங்கேயோ நடப்பது இளம்பிள்ளை பரோட்டாக் கல்லில் வந்து நிற்கிறது. எட்டு ரூபாய்க்கு நான் வாங்கிய பரோட்டா பதினைந்து ஆனது அந்தத் தங்கச்சியின் பேராசையால் இல்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "அக்கா, சாமான் விலை ஏறினா எங்களுக்கு ரெண்டு வழிதான். விலையைக் கூட்டணும், இல்லன்னா பொருள்ல கை வைக்கணும். விலையைக் கூட்டினா ஆள் வராது." பொருளில் கை வைப்பது என்றால் என்ன? பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சுவது. நேற்று மீந்த கோழியை இன்றைக்கு மசாலா போட்டு மறைப்பது. 2018 ஜூலையிலிருந்து, கெட்டுப்போன அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விதி இருக்கிறது. ஆனால் வண்டிக்கு வண்டி யார் அளந்து பார்க்கிறார்கள்? அதனால் விலை ஏறிய கடையைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். எல்லாம் ஏறியபோதும் விலையே ஏறாத கடையைப் பார்த்தும் பயப்படுங்கள்.

பக்கத்து நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் நடந்தது நமக்கு மறக்காது. ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பிள்ளை இறந்துபோனாள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு நம் அரசு ஒரு வருஷம் தடை போட்டது. கடையில் சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனால் நம் வீட்டு அடுப்பில் என்ன எண்ணெய், எப்போது அறுத்த கோழி என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

சரி, வீட்டில் செய்தால் என்ன செலவு? அதையும் எழுதினேன். கொள்ளுப் பருப்பு, சோறு, ஆளுக்கு ஒரு முட்டை. அரிசி ரேஷனில் இலவசம். கொள்ளு 20 ரூபாய், வெங்காயம் தக்காளி 20, எண்ணெய் தாளிப்பு 15, முட்டை ஐந்துக்கு 30, கேஸ் 15. மொத்தம் 100 ரூபாய். பார்சலோடு பார்த்தால் 250 ரூபாய் மிச்சம். ஒரு மணி நேரம் தறியை விட்டு வந்தேன் என்று வைத்துக்கொண்டால் கூலியில் 50 ரூபாய் போகும். அதைக் கழித்தாலும் 200 நிற்கிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். அந்த ஒரு மணி நேரம் முழுக்க என் தலையிலேயே விழுந்திருந்தால், இரண்டே வாரத்தில் மறுபடி பார்சலுக்குத்தான் போயிருப்பேன். முதல் மாசம் அப்படித்தான் ஆனது. பார்சலே கிடையாது என்று சட்டம் போட்டேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து பசியில்லை என்றார். நான் மட்டும் தறியிலும் அடுப்பிலும் வெந்தேன்.

பிறகு எல்லோரையும் உட்கார வைத்து நோட்டைக் காட்டினேன். திட்டவில்லை, கணக்கை மட்டும் படித்தேன். "இவ்வளவா?" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு வேலையைப் பிரித்தோம். காலையில் பயறோ கொள்ளோ ஊறப் போடுவது மகன். சாயங்காலம் ஏழு மணிக்குக் குக்கர் வைப்பது மகள். வெங்காயம், காய் அரிவது வீட்டுக்காரர். "ஆம்பள அரியறதா" என்று மாமியார் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். நான் தறியிலிருந்து வரும்போது தாளிக்கிற வேலை மட்டும்தான். மாவு அரைக்க எங்கள் தெருவில் மூன்று பேர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டோம். பார்சலையும் அடியோடு நிறுத்தவில்லை. மாசம் இரண்டு தடவை, கூலி வாங்குகிற சனிக்கிழமையில் உண்டு.

இப்போதைய கணக்கு: பார்சல் இரண்டுக்கு 700. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கடைத் தீனி, 120. மற்ற ஆறு ராத்திரி வீட்டுச் சமையல் 600. இருபது நாள் சாயங்காலச் சுண்டல், பச்சைப் பயறு, நிலக்கடலை 240. ஞாயிறு இட்லி நாலு வாரம் 240. மொத்தம் 1,900. முன்பு 4,120. மாசம் 2,220 ரூபாய் கையில் நிற்கிறது. என் குழுக் கடன் தவணைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வீட்டில் செய்துவிட்டாலே சத்து என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளைச் சோற்றில் ரசம் ஊற்றி அப்பளம் பொரித்தால் வயிறு நிறையும், ரத்தம் ஊறாது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. நூற்றுக்கு 40 பேருக்கு உடம்பு எடை அதிகம். உடம்பு பெருத்திருக்கும், ரத்தம் இருக்காது. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆயா காலத்துச் சாப்பாட்டில் இதற்கு வழி இருந்தது. கேழ்வரகுக் களி, கம்பஞ்சோறு, கொள்ளு, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கம்பில் அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். முட்டை நம் நாமக்கல் முட்டைதான். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். டாக்டர் அம்மா சொன்ன இரண்டு விஷயம் காசே இல்லாதது. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும். தறிக்காரர்களுக்கு டீ இல்லாமல் முடியாது, எனக்கும் முடியாது. நேரத்தை மட்டும் தள்ளி வைத்தேன்.

ஆறு மாசம் கழித்து என் மகளுக்கு மறுபடி ரத்தம் பார்த்தோம். 11.2. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை. இன்னும் பன்னிரண்டு வரவில்லை. ஆனால் மாடிப்படி ஏறிப் போய் மேலே நின்றுகொண்டு, "அம்மா, பாரு" என்று கூப்பிட்டாள்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு இரண்டு கோரிக்கை. ஒன்று, ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு மாசம், வெளிச் சாப்பாட்டுச் செலவை வீட்டில் தனியாக எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுவரணும். யாரையும் குறை சொல்ல இல்லை, அவரவர் பார்க்க. இரண்டு, அரசின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிகளில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சமைப்பது யார்? நம் குழுப் பெண்கள். அத்தனை குழந்தைகளுக்கு நேரத்துக்குச் சத்தாகச் சமைக்கத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் சுண்டலும் கம்பங்கூழும் விற்கிற வண்டி நம் ஊரில் ஏன் இருக்கக் கூடாது? ஃபாஸ்ட் ஃபுட் வண்டித் தங்கச்சி, நல்ல எண்ணெய் வைத்து, ஒரு பக்கம் சுண்டலும் போடத் தயார் என்கிறாள். அவளுக்குச் சட்டியும் அடுப்பும் வாங்க 15,000 ரூபாய் உள்கடன் கேட்டிருக்கிறாள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரண்டாவது கையெழுத்துக்கு உங்களில் ஒருவர் எழுந்து வரணும்.