இறந்தோர் உடலும் இருப்போர் இசைவும்



இறந்தவர் உடலை அறுத்து ஆராய்வதைப் பிரேதப் பரிசோதனை என்கிறோம். அதற்காக உறவினரிடம் எவ்வாறு பேசுவது, அவர்தம் இசைவை எவ்வாறு பெறுவது என்பன மருத்துவ மாணவர்க்கு மட்டுமே உரிய செய்திகள் என்று நீங்கள் எண்ணக்கூடும். எனினும், ஒரே சொல்லைச் சொன்னவர் ஒரு பொருளிலும் கேட்டவர் வேறொரு பொருளிலும் கொண்டதனால் இங்கிலாந்தில் பெற்றோர் பலர் அடைந்த துயரம், மொழி பயில்வோர் யாவரும் அறியத் தக்கது.

பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் இதய அறுவைக்குப் பின் குழந்தைகள் பலர் இறந்தமை பற்றி ஒரு பொது விசாரணை நடந்தது. 1999 செப்டம்பரில் அங்குச் சாட்சி கூறிய இதய வல்லுநர் ஒருவர், இறந்த குழந்தைகளின் இதயங்களை மருத்துவமனைகள் சேர்த்து வைத்திருப்பதையும் அவற்றால் விளைந்த நன்மையையும் எடுத்துரைத்தார். லிவர்பூலிலுள்ள ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையின் பெயரும் அப்போது வெளிவந்தது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், பெற்றோரோ திடுக்கிட்டனர். ஆல்டர் ஹேயில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட இதயங்கள் இருந்தன. குழந்தையை முழுமையாக அடக்கம் செய்ததாக நம்பியிருந்தவர்களுள் பலர், பின்னர்த் திரும்பக் கிடைத்த உறுப்புகளோடு இரண்டாம் முறையும், சிலர் மூன்றாம் முறையும், கல்லறைக்குச் செல்ல நேர்ந்தது.

அவர்களிற் பலர் படிவத்தில் கையொப்பம் இட்டவர்களே. அப்படிவத்தில் இருந்த சொல் ‘திசு’ என்பது. செல்கள் கூடித் திசு, திசுக்கள் கூடி உறுப்பு என்று உங்கள் உயிரியல் நூல் கற்பிக்கிறது அன்றோ? பெற்றோரும் அவ்வாறே கொண்டனர். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஒரு சிறு துணுக்கு என்றே எண்ணினர். மருத்துவர்களோ முழு இதயத்தையும் அச்சொல்லுள் அடக்கிவிட்டனர். சொல்லுக்குப் பொருள் விளக்கியே நாள் கழித்த எனக்கு, இங்கே பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள் பெற்றோரே என்று தோன்றுகிறது.

சட்டமும் துணை செய்யவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயன்ற அளவு விசாரித்து, உறவினர் மறுப்பதாகத் தெரியாவிட்டால் அதுவே போதும். அழுதுகொண்டிருப்பவர் வாய் திறந்து மறுப்பாரா? மருத்துவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்விதயங்களைக் கண்டு கற்ற அறுவை வல்லுநர்களால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. துயரத்தில் இருப்போரிடம் உறுப்பு, அறுவை என்றெல்லாம் பேசுவது புண்ணைக் கிளறுவதாகும் என்று அவர்களிற் பலர் கருதினர். ஆனால், கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்று பின்னர்ப் பெற்றோர் பலர் சொன்னார்கள்!

ஆல்டர் ஹே விசாரணை அறிக்கை 2001 ஜனவரியில் வெளிவந்தது. அதன் விளைவாகப் பிறந்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் 2006 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மறுக்காமை போதாது, இசைவு வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இன்று அங்கே உறவினரிடம், “இதயத்தை முழுதாக எடுத்துச் சில வாரங்கள் வைத்திருந்து ஆராய வேண்டியுள்ளது. பிறகு உங்களிடம் தரவேண்டுமா, நாங்களே முறைப்படி அடக்கம் செய்யலாமா, ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா?” என்று வெளிப்படையாகக் கேட்கவேண்டும். சோதனையை ஓர் உறுப்போடு நிறுத்துமாறு உறவினர் சொல்லலாம். எண்ணிப் பார்க்க அவகாசமும் தருவர். ஸ்காத்லாந்தில் 2006இல் இயற்றிய சட்டம், ‘இசைவு’ என்ற சொல்லையே விடுத்து, ‘அதிகாரம் அளித்தல்’ என்னும் பொருளுடைய சொல்லை எடுத்துக்கொண்டது. பெற்றோர் வெறுமனே தலையசைப்பவர் அல்லர், முடிவு செய்பவர் என்பது அதன் கருத்து.

நம் நாட்டில், நோயின் தன்மையை அறிய மருத்துவமனை நடத்தும் சோதனைக்கு உறவினர் இசைவு தேவை. விபத்து, தற்கொலை, ஐயத்துக்குரிய மரணம் ஆகியவற்றில் காவல்துறையின் கோரிக்கைப்படி நடப்பதற்கு அது தேவையில்லை. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. இசைவு வேண்டாம் என்பதனால் விளக்கமும் வேண்டாம் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்? பிணவறை வாயிலில் நிற்கும் தந்தை கேட்பவை மிகச் சில. ஏன் அறுக்கிறார்கள்? எப்போது உடலைத் தருவார்கள்? முகத்தைப் பார்க்க முடியுமா? மார்பையும் வயிற்றையும் திறந்து பார்த்துத் தைத்துவிடுவர். தலையைத் திறப்பதாயினும் முடிக்குள் மறையுமாறே வெட்டுவர். பெரும்பாலும் முகத்தில் கத்தி படுவதில்லை. உள்ளுறுப்பின் பகுதிகளை வேதியியல் சோதனைக்கு அனுப்பினால், எதனை, எதற்காக அனுப்புகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உங்களுள் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ காவல் அதிகாரியாகவோ ஆகப்போகிறவர்கள், அந்தத் தந்தையை ஓரமாக அமரவைத்து இவற்றைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும்.